எழும்பியதை மட்டும் எண்ணுக

சைபர் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சுழி. பேனாவைக் காகிதத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் தீர்ந்தது. அந்த ஒரு சுழியைப் போட்டுவிட்டு, மலையைப் புரட்டிவிட்டு வந்தவன் மாதிரி என் கொழுந்தன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தான்.

அவனை ஆபீசிலும் வீட்டிலும் 'சரிங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருவது அதுதான். மேலதிகாரி திட்டினாலும் சரிங்க, காய்கறிக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போட்டாலும் சரிங்க. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டதற்கு இவன் "சரிங்க" என்றான், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தேதி குறித்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இவன் பார்ப்பது நீர்நிலை அலுவலகத்தில் கணக்கெடுப்பு அதிகாரி வேலை. எந்தக் கம்பெனியாவது ஒரு சதுப்பில் மண் கொட்டி மேடாக்க வேண்டுமென்றால், முதலில் இவன் போய் அங்கே இருக்கும் பறவைகளை எண்ண வேண்டும். ஐம்பதுக்கு மேல் இருந்தால் மண் விழக்கூடாது. ஐம்பதுக்குக் கீழே என்றால் விழலாம். இவன் போடும் எண் ஒன்றுதான் சதுப்புக்கும் லாரிக்கும் நடுவே நிற்கிறது. அந்த இடத்தில் 'சரிங்க'வைக் கொண்டுபோய் உட்கார வைத்தவர்களை என்ன சொல்ல.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய புது வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வாங்கி மூன்று வருஷமாகியும் என் ஓரகத்திக்கு அது புது வீடுதான். முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஈரம் ஏறி சுண்ணாம்பு உப்பி நின்றது. "இன்னும் ரெண்டு வருஷம் போனா மீன் வளர்க்கலாம்போல" என்றார் என் வீட்டுக்காரர். ஓரகத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் சரிங்க வாயைத் திறந்தான்.

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கோரைச் சதுப்பு இருக்குல்ல அண்ணி, அத ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டேன். தட்ட அடிச்சோம். வெடியும் போட்டோம். ஒண்ணுகூட எழும்பல. சுத்தமா காலி."

என் கை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. "என்னிக்குப் போன?"

"வியாழக்கிழம."

"இப்போ போன வியாழனா?"

"சரிங்க… ஆமாங்க."

"ஏன்டா, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

ஓரகத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். அருங்காட்சியகத்தில் நான் கட்டிக்கொண்டு அழுகிற வாத்துக்கு மூக்கு நுனியில் மஞ்சள், என் பெண்டாட்டிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஜோக்கைச் சொல்லாமல் இருக்க அவருக்குப் புத்தி இருந்தது.

நான் முப்பத்தொரு வருஷமாக அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே நுழைந்தாலே அந்துருண்டை வாசனை அடிக்கும். வரிசையாக இழுப்பறைகள், இழுப்பறை நிறையச் செத்த பறவைகள். தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் தேதிச் சீட்டுக் கட்டி, மல்லாக்கப் படுக்க வைத்திருப்போம். அதில் நாலு இழுப்பறை புள்ளிமூக்கு வாத்து. பழுப்பு உடம்பு, கறுப்பு மூக்கு, மூக்கு நுனியில் மஞ்சள் தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி, இறக்கையை விரித்தால் ஒரு பச்சைப் பட்டை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் அதே ஜாதிதான்.

மற்ற பறவைகள் இறகை ஒவ்வொன்றாக உதிர்க்கும். காக்கைக்கு இன்றைக்கு ஒன்று விழும், அடுத்த வாரம் இன்னொன்று. அதன் பறப்பு ஒரு நாளும் நிற்காது. வாத்துக்கு அந்த நிதானம் கிடையாது. மழை முடிந்து, குஞ்சு வளர்ந்து தனியே போனதும், இரண்டே நாளில் இறக்கையில் உள்ள பெரிய இறகு அத்தனையையும் மொத்தமாக உதிர்த்துவிடும். பிறகு ரத்தம் ஓடும் குருத்து முளைத்து, அது விரிந்து இறகாக இருபத்தைந்து நாள், முப்பது நாள் ஆகும். அதுவரை அதனால் ஒரு முழம்கூட மேலே எழும்ப முடியாது. கோரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சத்தம் போடாது. பாதி வயிற்றுக்குத்தான் தின்னும். பக்கத்தில் வெடி வெடித்தால் கழுத்தை நீட்டித் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தட்டை அடித்துவிட்டு, ஒன்றும் எழும்பவில்லை, காலி என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

"எப்போ மண்ணு கொட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம என் தாள் தலைமை ஆபீசுக்குப் போகும். திங்கட்கிழமையிலேர்ந்து லாரி வரும்."

"அதுங்க பறக்க இன்னும் இருபது நாளாவது ஆகும்டா. லாரி வந்தா எங்க போகும்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதே அண்ணி" என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. நல்லவன்தான். நல்லவர்களால் ஆகிற கெடுதலுக்குக் கணக்கே இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் சதுப்புக்குப் போனேன். கரையில் கோரை அறுக்கிற பெண் ஒருத்தி அரிவாளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் சாக்கு, காலில் பழைய ரப்பர் பூட்ஸ். தீட்டினாளே தவிர, உள்ளே இறங்குவதாகக் காணோம்.

"அறுக்கலையா?" என்றேன்.

"வெளி ஓரம் மட்டும்தான் அக்கா. இந்த மாசம் உள்ள போறதில்ல. இது அதுங்க நடக்குற மாசம்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை இருக்கும் என்று கேட்டேன். எண்ணினதில்லை, ஆனால் நிறைய என்றாள். பிறகு அரிவாளைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவளாகவே சொன்னாள்.

"முன்னாடி ஆலைக்குப் பின்னாடி ஒரு சதுப்பு இருந்துச்சு. அங்கதான் நான் அறுத்துட்டிருந்தேன். இதே மாசம் லாரி வந்துச்சு. மண்ணு கொட்டக் கொட்ட எல்லாம் உள்ள உள்ள போச்சு. கடைசியில ஒரு ரூம் அளவுக்குத்தான் தண்ணி. அதுக்குள்ள அத்தனையும் ஒண்ணு மேல ஒண்ணு. பறக்கலையேக்கா. லாரிக்காரங்க இறங்கி, கையாலயே புடிச்சு, கோணியில போட்டுக் கட்டினாங்க. புடிக்கும்போதுகூடச் சத்தம் போடல."

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரை அடிப்பது என்று தெரியாத கோபம் மாதிரி கெட்ட கோபம் வேறில்லை.

உள்ளே புகுந்து விரட்டினால் கண்ணால் காட்டிவிடலாம். ஆனால் குருத்து ஒடிந்தால் ரத்தம் கொட்டும், அந்த இறக்கை ஒழுங்காக விரியாது. அதனால் இறகைப் பொறுக்கினோம். உதிர்ந்த இறகெல்லாம் காற்று தள்ளிக் கிழக்குக் கரையில் ஒதுங்கியிருந்தது, நுரையோடும் பாட்டில் மூடியோடும் செருப்போடும். நானும் கோரைக்காரியும் மூன்று நாள் காலையில் முழங்கால் சேற்றில் குனிந்து அள்ளினோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கெட்டில் அலசி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். படுக்கையறையிலும் கொடி கட்டினேன். "நல்லவேளை, நீ யானையப் பத்திப் படிக்கல" என்றார் வீட்டுக்காரர். ஆனால் ஒரு கிளிப்பைக்கூடக் கீழே போடாமல் உதவினார்.

வாத்தின் ஒவ்வோர் இறக்கையிலும் பத்துப் பெரிய இறகு. பத்துக்கும் பத்து முகம். கடைசி இறகு ஒல்லியாக, ஒரு பக்கம் கத்தி மாதிரி இருக்கும். இடது இறக்கையின் கடைசி இறகு ஒரு வாத்துக்கு ஒன்றே ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவைதான் விழும். மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதை மட்டும் பொறுக்கினால், ஓர் இறகு ஒரு வாத்து. மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பிரித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. கரைக்கு வராமல் கோரையிலேயே சிக்கிக் கிடக்கிறதைச் சேர்க்காமல். பத்துப் பத்தாக நூலில் கட்டி, சீட்டு எழுதி, பெட்டியில் அடுக்கி வியாழக்கிழமை மதியம் சரிங்கவின் ஆபீசுக்குப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. இரும்பு அலமாரி, நூலால் மேஜையோடு கட்டிப்போட்ட பேனா, மை காய்ந்த முத்திரை அட்டை. பெட்டியைத் திறந்து கட்டுகளை மேஜை முழுக்கப் பரப்பினேன். "இந்தா, உன் சைபர். இருநூத்திப் பன்னிரண்டு. எண்ணிக்கோ."

அவன் பயபக்தியாகப் பார்த்தான். இறகைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து, நாலாம் பக்கத்தைப் பிரித்து, என் பக்கம் மெதுவாகத் தள்ளினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. முறை இதுதானே?"

'தட்டு அல்லது வெடியின் மூலம் பறவைகளை எழுப்புக. எழும்பியதை மட்டும் எண்ணுக.'

அட்டையில் என் பெயர் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆபீசுக்காக நான் எழுதின புத்தகம் அது. அந்தக் காலத்தில் அதிகாரிகள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே முந்நூறு, நானூறு என்று வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். அதை நிறுத்தத்தான், கண்ணெதிரே எழும்பினால் மட்டும் எண்ணு என்று எழுதினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. இறகு உதிர்க்கும் மாதத்தில் போகாதே என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். வாத்தைப் பற்றித் தெரிந்த யாரும் அப்போது போக மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். வாத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குத்தானே புத்தகமே எழுதினாய், முட்டாளே!

ஞாயிற்றுக்கிழமை அவனைத் திட்டினதெல்லாம் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. ஆனாலும் விட மனசில்லை. "சரி, முறை என்னோடது. நீ ஏன் இந்த மாசம் பாத்துப் போன? வருஷத்துல பன்னெண்டு மாசம் இருக்கே?"

"கம்பெனிதான் தேதி கேட்டு லெட்டர் போடுவாங்க அண்ணி. எப்பவும் இந்த மாசம்தான் கேப்பாங்க."

"எப்பவுமா?"

அவனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியவில்லை. அலமாரியைத் திறந்து, மண் கொட்டி முடிந்த சதுப்புகளின் பைல்களை எடுத்துப் போட்டான். ஏழு. அவனுக்கு முன்னால் இருந்தவர் போட்டது ஐந்து, இவன் போட்டது இரண்டு. சைபர், மூன்று, சைபர், சைபர், ஏழு, சைபர், சைபர். எல்லாமே மழை முடிந்த இரண்டாம் மாதம். முதல் பைலுக்கு வயது ஒன்பது. அதற்கு முன்னால் உள்ள பழைய பைல்களையும் எடுக்கச் சொன்னேன். அவற்றில் தேதி எல்லா மாதத்திலும் சிதறிக் கிடந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது.

தெரிய வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் அறைக்கு ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடி, மடித்த கைக்குட்டை, சின்ன நோட்டு. உட்காரச் சொல்லும்வரை உட்காராத மனிதர். வாத்துகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்றார். அந்த அறைக்கு அதற்கு முன்னால் யாரும் அப்படி வந்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். வீட்டில் நான் வாத்து என்று ஆரம்பித்தால் டிவியைச் சத்தமாக வைப்பார்கள். இவர் கேட்டார். மணிக்கணக்காகக் கேட்டார். நான் டீ வரவழைத்தேன். நாலு இழுப்பறையையும் திறந்து காட்டினேன். இறகு உதிர்வதைச் சொன்னேன். "அப்போ அந்த நாட்கள்ல என்ன சத்தம் போட்டாலும் எழும்பாதா மேடம்?" என்று கேட்டார். "தலைகீழா நின்னாலும் எழும்பாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய், என் வேலையை மதிக்கிற ஒருத்தர் வந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் ஏழு சதுப்பைக் கெடுத்தது.

"அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் சரிங்க. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அதிலும் ஒரு விதி எழுதியிருந்தேன். இதை எழுதியவரே முறையில் பிழை என்று எழுத்து மூலம் தெரிவித்து, கணக்கெடுப்பு அதிகாரியும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டால், அந்தப் பிழைக்கு உட்பட்ட எண்ணிக்கைகள் செல்லாது. எழுதியவர் குறிக்கும் தேதியில் மறுபடி எண்ணும்வரை புது மண் விழக்கூடாது. நான் தப்பே செய்ய மாட்டேன் என்ற திமிரில்தான் அப்படி ஒரு விதியைத் தாராளமாகப் போட்டேன். திமிருக்கும் ஒரு பயன் இருக்கிறது.

பேப்பரை எடுத்து எழுதினேன். பிழை. பிழை என்னுடையது. கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினேன். "நீயும் போடு."

அவன் படித்தான். பிறகு ஏழு பைலையும் பார்த்தான். "இதுல நான் போட்டா, இந்த ஏழும் செல்லாதுன்னு ஆயிடுமே அண்ணி?"

"ஆகட்டும்."

"நாலாவது பைலப் பாருங்க."

பார்த்தேன். ஆலைக்குப் பின்புறம் என்று போட்டிருந்தது. கீழே மனைகளின் எண்கள். அதில் ஒன்றில் அவன் விரலை வைத்துக்கொண்டிருந்தான். "இது எங்க வீடு."

அந்த எண்ணிக்கை செல்லாது என்றால், அந்த மண் செல்லாது. மண் செல்லாது என்றால் பத்திரத்துக்கு என்ன மதிப்பு? இருபது வருஷத் தவணையில் வாங்கின வீடு. என் ஓரகத்தி எனக்குச் சாப்பாடு போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டியவர் அனுமதிக்காகக் காத்திருந்தார். உள்ளே வந்தவர் அவர்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சின்ன நோட்டோடு என் அறைக்கு வந்தவர். கண்ணாடி தடிமனாகியிருந்தது, முடி நரைத்திருந்தது, கைக்குட்டை மட்டும் அதே மடிப்பு.

"சார், கம்பெனிக்குக் கோரைச் சதுப்பு தாளோட காப்பி…" என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மேடம்! எப்படி இருக்கீங்க? நீங்க சொல்லிக்கொடுத்தத நான் இன்னும் மறக்கல. எவ்வளவு பேருக்கு உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நல்லா இருக்கேன்" என்று என் வாய் சொன்னது. முப்பத்தொரு வருஷ மரியாதைப் பழக்கம், நாசமாய்ப் போக.

அவர் மேஜையைப் பார்த்தார். இறகுகளைப் பார்த்தார். என் கடிதத்தைத் தலைகீழாகவே படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். "ரொம்பப் புழுக்கமா இருக்கே சார்" என்று சொல்லி, சுவரில் கையை நீட்டி மின்விசிறியைப் போட்டார்.

சரிங்க பதறி எழுந்து இரண்டு கையாலும் மேஜையை மூடப் பார்த்தான். ஓர் இறகுகூட நகரவில்லை. பத்துப் பத்தாக நூலில் இறுக்கி, ஒவ்வொரு கட்டுக்கும் ஈயக் குண்டு கோர்த்திருந்தேன்.

"நான் முப்பது வருஷமா இறகோட குடும்பம் நடத்துறவ" என்றேன். "ஃபேன இன்னும் ஜாஸ்தியா வேணாலும் வைங்க."

அவர் சிரித்தார். பிறகு சரிங்கவிடம், அதே மெல்லிய குரலில், "வீட்டுல ஈரம் ஏறுதுன்னு சொன்னீங்களே சார். நம்ம லேஅவுட்தானே. நாளைக்கே ஆள் அனுப்புறேன். மத்த விஷயமெல்லாம் நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்க. அவசரப்பட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்."

சரிங்க என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவன் வாய் அந்தச் சொல்லுக்காகத் திறப்பது எனக்குத் தெரிந்தது.

"தம்பி" என்றேன். "உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை இருக்கே, அங்கதான் கடைசியாத் தண்ணி நின்னிருக்கலாம். ஒரு ரூம் அளவு தண்ணி. அதுக்குள்ள அத்தனையும் ஒண்ணு மேல ஒண்ணு. கையால புடிச்சுக் கோணியில போட்டிருக்காங்க. பாத்தவ சொன்னா. புடிக்கும்போதுகூட அதுங்க சத்தம் போடலையாம். அந்தப் பைல்ல சைபர்னு இருக்கு. இப்போ நீ உன் இஷ்டம்போல செய்."

அவன் ரொம்ப நேரம் அந்த நாலாவது பைலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவரிடம், "சரிங்க, உக்காருங்க" என்றான்.

அவர் உட்கார்ந்தார்.

சரிங்க ஒரு கட்டை எடுத்து எண்ணினான். ஒவ்வோர் இறகாக, உதடு அசைய, பத்து வரைக்கும். கட்டைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். இருபத்தொரு கட்டும், மீதி இரண்டு இறகும். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. எண்ணி முடித்ததும் சரிங்க அனுப்ப வைத்திருந்த தாளை எடுத்தான். ஸ்கேலை வைத்து, 'எழும்பியவை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்தான். மேலே 'எழும்ப முடியாதவை' என்று எழுதினான். கீழே 212. என் கடிதத்தை இழுத்து, நூலில் கட்டின பேனா எட்டும் வரை குனிந்து, கையெழுத்துப் போட்டான்.

பேனாவின் நூல் இழுத்ததில் கையெழுத்துக் கோணிப்போயிருந்தது. கல்யாணப் பத்திரத்தில்கூட அவன் அவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.

அவர் எழுந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார், பேனா மூடியைத் திறந்தார்.

"இந்த வருஷம் மழை தள்ளிப்போச்சு. கணக்கு எனக்குச் சரியாப் புடிபடல. எந்தத் தேதி வாக்குல பறக்க ஆரம்பிக்கும் மேடம்?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே குரல்தான், இதே தலைசாய்ப்புத்தான். எனக்கு அந்தத் தேதி தெரியும். குருத்தின் நீளத்தை வைத்து இரண்டு நாள் முன்பின்னாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. நாக்கு நுனியில் நின்றது. யாராவது கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவள் நான்.

"தெரியாது" என்றேன்.

"உங்களுக்கே தெரியாதுன்னா எப்படி?"

"தெரியாது. கதவச் சாத்திட்டுப் போங்க."

அவர் மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனார். செருப்புச் சத்தம் படியில் இறங்கி ஓய்ந்ததும் சரிங்க நாற்காலியில் சரிந்தான். "வீட்டுல என்ன சொல்லப்போறேன்னு தெரியல அண்ணி" என்றான். நானும் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கலாம் என்றேன். கொஞ்சம் தெளிந்து, "மறு எண்ணிக்கைக்குத் தேதி போடணுமே. நிஜமா எந்தத் தேதிங்க?" என்று கேட்டான்.

"உங்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவர் போன்ல கேட்டா நீ சரிங்கன்னு சொல்லிக் குடுத்துடுவ. நாம எண்ணப் போறதுக்கு முந்தின நாளே ஆள் விட்டு எல்லாத்தையும் விரட்டிடுவார். அன்னிக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஏழு பைலையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் தாளிலும் 'இந்த எண்ணிக்கை செல்லாது' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். அவன் ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் அந்தப் புதுக் கோட்டைக் கிழித்து, தலைப்பை எழுதிக்கொண்டே வந்தான். ஏழாவதையும் முடித்துவிட்டு, முதல் தாளுக்குத் திரும்பி, புதுக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இதுல எத்தன அண்ணி?"

அங்கே யாரும் இறகு பொறுக்கவில்லை. கரையே இல்லை இப்போது, எங்கே போய்ப் பொறுக்குவது? அவன் காத்திருந்தான். பிறகு, அவன் சுபாவப்படி, எனக்குச் சிரமம் வேண்டாமென்று அவனே கேட்டான்.

"அப்போ சைபர் போட்டுடட்டுமா?"

"பேனாவக் கீழ வை" என்றேன்.